கார்பாச்சியோ: ஓர் ஓவியரின் பெயரும் ஒரு தட்டு உணவும் – வெனிஸ் நாட்குறிப்பு

செவ்வாய்க்கிழமை

வெனிஸில் இந்த வாரம் முழுவதையும் ஒரே ஒரு பெயருக்காகச் செலவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் சான்தா லூசியா ரயில் நிலையத்தில் இறங்கினேன். உலகின் பெருநகரங்களில் இத்தாலிய உணவகம் எதற்குள் நுழைந்தாலும் உணவுப்பட்டியலில் 'கார்பாச்சியோ' என்றொரு சொல் இருக்கும். மெல்லியதாகச் சீவித் தட்டில் பரப்பிய பச்சை மாட்டிறைச்சிக்கு அது பெயர். அதே சொல் வித்தோரே கார்பாச்சியோ என்ற வெனிஸ் ஓவியரின் குடும்பப்பெயர். 1465 வாக்கில் பிறந்து 1525 வாக்கில் மறைந்த அவர், தம் பெயர் ஒருநாள் சமையலறைக்குள் போகும் என்று நினைத்திருக்க வழியே இல்லை.

பிற்பகலில் ரியால்தோ பாலத்தை ஒட்டிய சந்துகளில், உணவகங்களின் வாசலில் வைத்திருக்கும் பட்டியல் பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே நடந்தேன். சூரைமீன் கார்பாச்சியோ, வாள்மீன் கார்பாச்சியோ, ஆக்டோபஸ் கார்பாச்சியோ, சுக்கினி கார்பாச்சியோ, இனிப்புப் பகுதியில் அன்னாசிப்பழக் கார்பாச்சியோ என்று பெயர் நீண்டுகொண்டே போகிறது. மெல்லியதாகச் சீவிய எதுவும் இன்று கார்பாச்சியோதான். ஆனால் இந்த உணவுக்கு அந்தப் பெயரைச் சூட்டிய வெனிஸ் உணவகக்காரர் ஜியுசெப்பே சிப்ரியானியின் மனத்தில் இருந்தது மெல்லிய தன்மையல்ல, நிறம். ஓவியரின் சிவப்பையும் வெண்மையையும் தட்டில் கண்டுதான் அவர் பெயரை வைத்தார். பெயர் பயணம் செய்த வேகத்தில் நிறம் வழியில் உதிர்ந்து, கத்தியின் கூர்மை மட்டும் மிஞ்சிவிட்டது. அந்த நிறம் எது என்று என் கண்ணால் பார்ப்பதே இந்த வாரத்தின் வேலை.

புதன்கிழமை

காலையில் அக்காதேமியா காட்சியகம். திறந்தவுடன் உள்ளே போனால் கூட்டம் சேர்வதற்கு முன்பு கார்பாச்சியோவின் அறைகளில் ஒரு மணி நேரமாவது தனியாக நிற்க முடிகிறது.

முதலில் பார்த்தது, திருச்சிலுவையின் துண்டு ஒன்று நிகழ்த்திய அற்புதத்தைச் சொல்லும் ஓவியம். 1490களின் நடுவில் வரையப்பட்ட இதில் அற்புதத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இடது மேல் மூலையில், ஒரு மாடத்தில், மதகுரு ஒருவர் பேய் பிடித்தவனைக் குணப்படுத்திக்கொண்டிருக்கிறார். மீதி இடம் முழுவதும் ரியால்தோ. இன்றிருக்கும் கல் பாலம் 1588-க்கும் 1591-க்கும் இடையில் கட்டப்பட்டது. ஓவியத்தில் இருப்பதோ அதற்கு முந்தைய மரப்பாலம், கப்பல்களின் பாய்மரங்கள் கடந்து போவதற்காக நடுவில் தூக்கக்கூடிய பலகைகளோடு. கூரைகளின் மேல் தலைகீழ்க் கூம்புகளைப் போன்ற புகைபோக்கிகள் நிற்கின்றன, கழிகளில் துணி காய்கிறது, கீழே கால்வாயில் கோண்டோலாக்கள் நெருக்கியடிக்கின்றன, அவற்றில் ஒன்றை ஆப்பிரிக்க இளைஞன் ஒருவன் ஓட்டுகிறான். இந்தக் கும்பலின் ஊடே சிவப்பு அங்கும் இங்கும் தெறித்திருக்கிறது: ஒரு தொப்பி, ஒரு காலுறை, ஒரு நீண்ட அங்கி. பெரிய பரப்பாக எங்கும் இல்லை. கரிய நீருக்கும் வெளுத்த சுவர்களுக்கும் நடுவே அந்தச் சிறுசிறு சிவப்புகள்தான் கண்ணை ஓவியத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கூட்டிச் செல்கின்றன.

அடுத்து புனித உர்சுலாவின் கதை. அந்தப் புனிதரின் பெயரால் இயங்கிய தர்மச் சங்கம் ஒன்றுக்காக 1490களில் வரைந்த ஒன்பது பெரும் ஓவியங்கள். நெப்போலியன் காலத்தில் சங்கம் கலைக்கப்பட்டபின் இங்கு வந்து சேர்ந்தவை. பிரித்தானி நாட்டு இளவரசியை மணம் பேச ஆங்கிலேயத் தூதர்கள் வருவதில் தொடங்கும் கதை, கொலோன் நகரில் அவளும் அவளோடு சென்ற கன்னியர் பதினோராயிரம் பேரும் ஹூணர்களால் கொல்லப்படுவதில் முடிகிறது. தூதர்கள் வரும் ஓவியத்தின் வலது ஓரத்தில் ஒரு தனி அறை இருக்கிறது: மன்னன் கையைத் தலைக்கு முட்டுக்கொடுத்துச் சோர்ந்து உட்கார்ந்திருக்க, மகள் எதிரே நின்று தன் நிபந்தனைகளை விரல்விட்டு எண்ணுகிறாள். படிக்கட்டின் கீழே கிழத் தாதி ஒருத்தி இதையெல்லாம் பார்த்து அலுத்தவளைப் போல அமர்ந்திருக்கிறாள். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய வீட்டுப் பேச்சுவார்த்தை ஒன்று, ஒரு சொல்லும் இல்லாமல் காதில் விழுகிறது.

இவற்றுள் நான் நெடுநேரம் நின்றது 1495 என்று ஆண்டு குறிக்கப்பட்ட 'உர்சுலாவின் கனவு' முன்னால். ஏறத்தாழ 2.7 மீட்டர் உயரமும் அதே அளவு அகலமும் கொண்ட அந்த ஓவியம், அமைதியான ஒரு படுக்கையறை. உர்சுலா கன்னத்தில் கைவைத்துத் தூங்குகிறாள். கட்டிலடியில் மிதியடிகள் இருக்கின்றன, கால்மாட்டில் கிரீடமும் ஒரு குட்டி நாயும். வலப்புறக் கதவின் வழியே வெளிச்சம் நுழைகிறது, வெளிச்சத்தோடு கையில் குருத்தோலை ஏந்திய வானதூதனும் வருகிறான். அவள் மேல் விரித்திருக்கும் போர்வை சிவப்பு. அதன் மேல்விளிம்பில் மடித்துவிட்ட விரிப்பு வெள்ளை. இரண்டும் சந்திக்கும் கோடு கத்தியால் கீறியதைப் போல நேராக இருக்கிறது. ஆங்கிலக் கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் 1870களில் மாதக்கணக்கில் இந்த ஓவியத்தின் முன் உட்கார்ந்து பிரதியெடுத்தார் என்பதை முன்பு படித்தபோது மிகையாகத் தோன்றியது, இன்று தோன்றவில்லை.

அக்காதேமியா பாலத்தின் மறுகரையில் இருக்கும் சான் வித்தாலே தேவாலயத்துக்குள்ளும் எட்டிப் பார்த்தேன். இப்போது அங்கு இசைக் கச்சேரிகள் நடக்கின்றன. வாத்தியக் கலைஞர்களின் நாற்காலிகளுக்குப் பின்னால், பீடத்தின் மேல், 1514-இல் கார்பாச்சியோ வரைந்த வெண்குதிரை வீரரான புனித வித்தாலே நிற்கிறார்.

வியாழக்கிழமை

சான் மார்க்கோ சதுக்கத்திலிருந்து கிழக்கே காஸ்தெல்லோ பகுதிக்குள் நடக்க நடக்க, சுற்றுலாக் கூட்டம் வடிந்துவிடுகிறது. அங்கே ஃபுர்லானி சந்தில், சிறிய கால்வாய் ஒன்றின் ஓரத்தில் இருப்பது தால்மேசியர்களின் சங்கக் கட்டடம். அத்ரியாட்டிக் கடலின் மறுகரையிலிருந்து வந்து வெனிஸில் குடியேறிய மாலுமிகளும் தொழிலாளர்களும் 1451-இல் தொடங்கிய சங்கம் அது. நெப்போலியன் காலத்தில் வெனிஸின் சங்கங்கள் பெரும்பாலும் கலைக்கப்பட்டன. தப்பிப் பிழைத்த மிகச் சிலவற்றுள் இதுவும் ஒன்று. அதனால்தான் கார்பாச்சியோ 1502-க்குப் பின்னான சில ஆண்டுகளில் இவர்களுக்காக வரைந்த ஓவியங்களை அருங்காட்சியகத்துக்குப் போகாமல் அவர்களுடைய கூடத்திலேயே பார்க்க முடிகிறது. முதலில் மேல்தளத்தில் இருந்தவற்றைப் பிற்பாடு கீழ்த்தளத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். தாழ்ந்த கூரை, மங்கிய வெளிச்சம், சுவரையொட்டி இருக்கைகள். ஓவியங்கள் தலைக்குச் சற்று மேலே நாற்புறமும் பட்டையாகச் செல்கின்றன. நான் பார்த்த கலைக்கூடங்களில் இதற்கு இணையான அறை இன்னொன்று இல்லை.

புனித ஜார்ஜ் பறவைநாகத்தை வீழ்த்தும் ஓவியம் மூன்றரை மீட்டருக்கும் சற்று அதிகமான அகலம். கருங்கவசம் அணிந்த வீரர் வலமிருந்து பாய்ந்து ஈட்டியை அந்த மிருகத்தின் வாய்க்குள் செலுத்துகிறார். அந்த வேகம்தான் முதலில் கண்ணில் படும். பிறகு பார்வை தரைக்கு இறங்கும். குதிரையின் கால்களுக்குக் கீழே மணல் முழுவதும் மண்டையோடுகளும் எலும்புகளும் பாம்புகளும் தவளைகளும். பாதி தின்னப்பட்டுக் கிடக்கும் ஒரு பெண்ணின் மேலுடல். முகத்தில் இன்னும் தசை இருக்கிறது. இவ்வளவு மென்மையான படுக்கையறையை வரைந்த அதே கை, தின்று மிச்சம் வைத்த உடலையும் சற்றும் கூசாமல் வரைந்திருக்கிறது. உணவுக்குப் பெயர் வைத்தவர் இதையும் பார்த்திருப்பார் அல்லவா என்ற எண்ணம் எழாமல் இல்லை. ஆனால் இந்த ஓவியத்தில் தசை சிவப்பாக இல்லை, வெயிலில் உலர்ந்த மண்ணின் நிறத்தில் இருக்கிறது. தட்டின் நிறம் இங்கிருந்து வந்ததல்ல.

எதிர்ச்சுவரில் புனித அகுஸ்தீன் தம் படிப்பறையில் இருக்கிறார். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இதைப் புனித ஜெரோம் என்றே அறிஞர்கள் எண்ணிவந்தார்கள். ஜெரோமுக்கு அகுஸ்தீன் கடிதம் எழுதிக்கொண்டிருந்த வேளையில், ஜெரோம் இறந்த அந்தக் கணத்தில், அறைக்குள் ஒளி நிறைந்து அவருடைய குரல் கேட்டது என்ற பழைய கதைதான் இதன் பொருள் என்று பின்னர் தெளிவாயிற்று. எழுதுகோல் பிடித்த கை அந்தரத்தில் நிற்க, அகுஸ்தீன் சன்னல் பக்கம் திரும்பியிருக்கிறார். புத்தகங்கள், வான்கோள் கருவிகள், சங்குகள், தரையில் விரிந்து கிடக்கும் இசைத்தாள்கள் என அனைத்தின் மேலும் ஒளி ஒரே திசையில் விழுகிறது. தரையின் நடுவே ஒரு வெள்ளைக் குட்டி நாய், தன் எஜமானர் பார்க்கும் அதே ஒளியை நிமிர்ந்து பார்க்கிறது. அதன் நிழல் பின்னால் நீண்டிருக்கிறது. பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் முன்வரைவில் இந்த இடத்தில் வேறொரு விலங்கு இருக்கிறது. கடைசி நேரத்தில் நாயாக மாற்றியதற்காக ஓவியருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

நாய்க்கு அருகே தரையில், மடித்து விரித்த ஒரு காகிதச் சீட்டு வரையப்பட்டிருக்கிறது. ஓவியரின் கையெழுத்து அதில்தான். அங்கே எழுதியிருப்பது கார்பாச்சியோ அல்ல, 'விக்தோர் கார்பாத்தியுஸ்' என்ற இலத்தீன் வடிவம். அவருடைய தந்தை பியெத்ரோ தோல் வணிகர். குடும்பத்தின் பெயர் வெனிஸ் பேச்சுவழக்கில் ஸ்கார்ப்பாத்சா. இலத்தீன் கற்ற அறிஞர்கள் மதிக்கப்பட்ட அந்தக் காலத்தில், மகன் தம் பெயரை இலத்தீனுக்கு மாற்றிக்கொண்டார். அதிலிருந்து இத்தாலிய வடிவமாகக் கார்பாச்சியோ நிலைத்தது. ஆக, இன்று உணவகங்களில் நாம் சொல்லும் பெயர் அந்த வீட்டுக்குள் புழங்கிய பெயரே அல்ல.

இன்னொரு குடும்பப்பெயரும் இங்கு வருகிறது. புனித ஜார்ஜின் திருப்பண்டம் ஒன்றை 1502-இல் இந்தச் சங்கத்துக்குக் கொடுத்தவர் பாவோலோ வல்லாரெஸ்ஸோ என்ற வெனிஸ் பிரபு. இந்த ஓவியங்கள் வரையப்பட்டதற்கு அந்தக் கொடையும் ஒரு தூண்டுகோல். கார்பாச்சியோ உணவு பிறந்த ஹாரிஸ் பார் என்ற உணவகம் அமைந்திருக்கும் சந்தின் பெயர் வல்லாரெஸ்ஸோ சந்து. அதே பிரபுக் குலத்தின் பெயர். ஓவியம் வரையக் காரணமான குலத்தின் பெயர் தாங்கிய சந்தில்தான், ஓவியரின் பெயர் தாங்கிய உணவும் பிறந்திருக்கிறது. இதைத் திட்டமிட்டு யாரும் செய்யவில்லை, வெனிஸ் அவ்வளவு சிறிய ஊர்.

வெள்ளிக்கிழமை

காலையில் சான் மார்க்கோ சதுக்கத்தின் ஓரத்திலுள்ள கொர்ரேர் அருங்காட்சியகத்தில் 'இரண்டு வெனிஸ் பெண்கள்' ஓவியத்தைப் பார்த்தேன். மாடத்தில் இரண்டு பெண்கள் எதற்கோ காத்துச் சலித்து, வெறுமையாகப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள். புறாக்கள், நாய்கள், தரையில் கழற்றிவைத்த உயரமான சிவப்புக் காலணிகள். நெடுங்காலம் இவர்களைக் கணிகையர் என்றே சொல்லிவந்தார்கள். ஆனால் இது ஓவியத்தின் கீழ்ப்பாதி மட்டுமே. மேற்பாதி லாஸ் ஏஞ்சலஸில் கெட்டி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் ஆண்கள் காயலில் படகேறி வில்லால் களிமண் உருண்டைகளை எய்து பறவை வேட்டையாடுகிறார்கள். இங்கே மாடச்சுவரின் மேல் இருக்கும் பூச்சாடியிலிருந்து மேலே போகும் தண்டு ஓவியத்தின் விளிம்பில் அறுந்துபோகிறது. அதன் லில்லிப் பூ அங்கே, காயலின் நீர்ப்பரப்பில் தனியே நிற்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் இவர்கள் வேட்டைக்குப் போன கணவன்மாருக்காகக் காத்திருக்கும் குடும்பப்பெண்கள். படம் அறுபட்டதால் இந்தப் பெண்கள் சுமந்த பழியை நினைத்து உண்மையாகவே வருந்தினேன்.

பிற்பகல், வெனிஸ் குடியரசின் ஆட்சித்தலைவரான தோஜேயின் அரண்மனை. 1516-இல் கார்பாச்சியோ வரைந்த புனித மாற்குவின் சிங்கம் இங்கே இருக்கிறது. முன்னங்கால்கள் நிலத்திலும் பின்னங்கால்கள் நீரிலும் ஊன்றி, கடலும் நிலமும் வெனிஸுக்கே என்று அறிவிக்கிறது. நான் இங்கு வந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. கார்பாச்சியோவின் பெரும் கண்காட்சி 1963-இல் நடந்தது இதே அரண்மனையில்தான். அதற்குப் பிறகு வெனிஸ் அவருக்கு அத்தகைய பெரிய கண்காட்சியை எடுத்தது 2023-இல். உணவு பிறந்த ஆண்டாக 1950 என்றும் 1963 என்றும் இரண்டு சொல்லப்படுகின்றன. ஹாரிஸ் பாரின் நிறுவனர் ஜியுசெப்பே சிப்ரியானி, ஊரே பேசிக்கொண்டிருந்த கண்காட்சியை முன்னிட்டுப் பெயர் சூட்டினார் என்பது கதையின் உயிர்நாடி. அப்படியானால் பெயரளவிலாவது 1963 என்பதே பொருந்துகிறது என்பது என் துணிபு. உணவு அதற்கு முன்பே மேசைக்கு வந்திருக்கலாம்.

அவர் ஓவியர் பெயரைக் கடன் வாங்கியதும் இது முதல்முறையல்ல. வெண்பீச் பழக்கூழையும் ப்ரோசெக்கோ மதுவையும் கலந்த இளஞ்சிவப்புப் பானத்துக்கு அவர் வைத்த பெயர் பெல்லினி. ஜியோவான்னி பெல்லினியின் ஓவியத்தில் ஒரு புனிதரின் அங்கி கொண்டிருந்த நிறத்தை வைத்து என்பார்கள். பெஷமெல் என்னும் வெண்குழம்பு பதினான்காம் லூயி மன்னரின் அரண்மனை அதிகாரி லூயி த பெஷமேயின் பெயரையும், ஸ்ட்ரோகனாஃப் என்னும் மாட்டிறைச்சி உணவு ஒரு ரஷ்யப் பிரபுக் குடும்பத்தின் பெயரையும் ஏந்தியிருக்கின்றன. அவை பதவிக்கும் செல்வத்துக்கும் செய்த மரியாதை. சிப்ரியானி செய்தது, நிறத்தைப் பார்த்து ஓவியரை நினைத்துக்கொண்டது. எனக்கு இந்த வகைதான் உயர்வாகப் படுகிறது.

மாலையில் அந்த நிறத்தைப் பற்றியே யோசித்துக்கொண்டு நடந்தேன். பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் வெனிஸில் வண்ணப்பொருள் விற்பதற்கென்றே தனி வணிகர்கள் இருந்தார்கள். ஐரோப்பாவின் பிற நகரங்களில் மருந்துக்கடையில் வாங்க வேண்டியதை இங்கே தனிக்கடையில் வாங்கலாம். சாதிலிங்கம், கெர்மஸ் பூச்சியின் சாயம், இந்தியாவிலிருந்து வந்த அரக்கு எல்லாம் அந்த வணிகத்தில் புழங்கின. சாயத்துக்கான பதிமுகக் கட்டையில் ஒரு வகைக்கு இத்தாலிய வணிகர்கள் வைத்திருந்த பெயர் 'வெர்சினோ கொலொம்பினோ'. கொல்லத்திலிருந்து வந்த கட்டை என்று பொருள். நம் கடற்கரைத் துறைமுகம் ஒன்றின் பெயர் வெனிஸின் சிவப்புக்குள் இருந்தது என்பதை இந்தக் கால்வாய்களின் ஓரத்தில் நின்று நினைப்பது மகிழ்ச்சி தந்தது.

சனிக்கிழமை

ஹாரிஸ் பார். சான் மார்க்கோ வல்லாரெஸ்ஸோ படகுத்துறையிலிருந்து சில எட்டுகள்தான். பெயர்ப்பலகை இல்லாததால் பனிக்கண்ணாடியில் எழுதியிருப்பதைக் கவனிக்காதவர்கள் கடந்து போய்விடுவார்கள். 1931 மே 13 அன்று சிப்ரியானி இதைத் திறந்தார். ஹாரி பிக்கரிங் என்ற அமெரிக்க இளைஞருக்கு அவர் கடனாகக் கொடுத்த 10,000 லிரா, 50,000 லிராவாகத் திரும்பி வந்து இதற்கு முதலாயிற்று. அந்த நன்றிதான் ஹாரி என்ற பெயர். இத்தாலிய அரசு 2001-இல் இதை நாட்டின் பண்பாட்டுச் சின்னமாக அறிவித்தது. உள்ளே தாழ்ந்த மேசைகளும் தாழ்ந்த இருக்கைகளும் கொண்ட சிறிய அறை.

கதை இதுதான். அமாலியா நானி மொசெனிகோ என்ற கோமாட்டி இங்கு அடிக்கடி வருபவர். சமைத்த இறைச்சியைத் தவிர்க்கும்படி மருத்துவர் அவரிடம் சொல்லிவிட்டார். சிப்ரியானி மாட்டின் நல்ல பகுதியைப் பச்சையாகவே தாள் போலச் சீவினார். தனியே தின்றால் சுவை குறைவு என்பதால் மீனுக்கும் இறைச்சிக்கும் பொதுவாகச் சமையலறையில் இருந்த சாஸை மேலே இட்டார். பச்சை இறைச்சி இத்தாலிக்குப் புதிதல்ல; பியெமோந்தே பகுதியின் ஆல்பா நகரத்தில் அது பழைய வழக்கம். புதிதாக வந்தவை சாஸும் பெயரும்.

தட்டு வந்தது. வெண்ணிறத் தட்டின் விளிம்பு மட்டும் தெரிய, உள்வட்டம் முழுவதும் ஒரே சிவப்பு. துண்டுக்கும் துண்டுக்கும் இடையே எல்லை தெரியவில்லை. மயோனைஸில் எலுமிச்சைச் சாறு, வூஸ்டர் சாஸ், சிறிது பால் சேர்த்து நெகிழ்த்திய வெளிர் சாஸ், குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகளாக ஓடுகிறது. அந்தக் கோடுகளை நவீன ஓவியர் காந்தின்ஸ்கியின் பாணி என்பார்கள் சிப்ரியானி குடும்பத்தார். மற்ற உணவகங்களில் மேலே குவிக்கும் கீரையும் சீவிய பாலாடைக்கட்டியும் இங்கு இல்லை. இருந்திருந்தால் நிறத்தை மறைத்திருக்கும். வாயில் வைத்தால் குளிர்ச்சி, பிறகு ஏறத்தாழ இனிப்பான ஒரு மென்மை, அதன் மேல் சாஸின் புளிப்பு. கடிக்க வேண்டிய தேவையே எழவில்லை.

அவசரப்படாமல் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். புதிதாக வெட்டிய மாட்டிறைச்சி கருஞ்சிவப்பாக இருக்கும். காற்று பட்டதும் அதிலுள்ள மயோகுளோபின் என்னும் நிறப்புரதம் ஆக்சிஜனை ஏற்றுச் சில நிமிடங்களில் ஒளிரும் சிவப்பாகும். நெடுநேரம் விட்டால் பழுப்பேறும். ஆகவே சீவியவுடன் பரிமாறியாக வேண்டும். மேசைக்கு வந்த அந்த நேரத்துச் சிவப்பு, உர்சுலாவின் போர்வையோடுதான் ஒத்துப்போனது; விளிம்பின் வெண்மை, போர்வையின் மேல் மடித்துவிட்ட விரிப்போடு. ரியால்தோ ஓவியத்தின் சிவப்பு தெறிப்புகளாகச் சிதறியிருப்பது. இந்தத் தட்டோ கட்டிலைப் போல அகன்ற ஒரே பரப்பு. அன்று சிப்ரியானி எந்த ஓவியத்தை எண்ணினாரோ, நான் 'கனவு' என்றே சொல்வேன்.

இந்த ஊருக்கு வருகிறவர்களுக்கு என் யோசனை: அக்காதேமியாவில் அந்தப் படுக்கையறையைப் பார்த்த பிறகு இங்கு வாருங்கள், முன்பு வேண்டாம். பச்சை இறைச்சி சாப்பிடாதவர்கள் தால்மேசியர் சங்கத்தின் கூடத்தில் இன்னும் ஒரு மணி நேரம் கூடுதலாக உட்காரலாம். அங்கே கிடைப்பது எவ்வகையிலும் குறைவில்லை.